ஆயிரத்தாறு ரூபாய் நோட்டு நானூறு ஆனது எப்படி? பெருமந்தமும் நெல்லைச் சீமையும்

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. அம்பாசமுத்திரம் பக்கத்து வீடு ஒன்றில், தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கோர்ட் உத்தரவின் நகல் கிடைத்திருக்கிறது. 1934இல் எழுதிய 1,006 ரூபாய் புரோநோட்டு. அதன் மேல் 1937இல் டிக்ரி, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு. 1939இல் அதே முன்சீப் கோர்ட், ‘ஆக்ட் 4/1938 படி ஸ்கேல் டவுன்’ (1938ஆம் வருஷத்து 4ஆம் சட்டப்படி கடன் குறைப்பு) என்று குறித்து, அசல் 400 ரூபாயும் 1-10-1937 முதல் வட்டியும் கட்டினால் போதும் என்று டிக்ரியைத் திருத்தியிருக்கிறது. அறுநூறு ரூபாய் எங்கே போயிற்று? அமெரிக்காவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் செய்தது போல இங்கேயும் அரசாங்கம் ஏதாவது செய்ததா?

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1929க்குப் பிறகு வந்த பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவில் உலகம் முழுக்க நடந்தது அடிப்படையில் ஒரே சங்கதி. பொருளின் விலை விழுந்தது, கடன் பத்திரத்தில் எழுதிய ரூபாய் விழவில்லை. அந்த இடைவெளியை எந்த அரசு எந்தப் பக்கத்திலிருந்து அடைத்தது என்பதுதான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். சிலர் விலையை மேலே தூக்கப் பார்த்தார்கள். சென்னை மாகாண அரசுக்கு விலை மேல் அதிகாரம் கிடையாது. அதனால் அது கடனைக் கீழே இறக்கியது, அதுவும் எட்டு வருஷம் கழித்து. உங்கள் கையில் இருக்கும் தாள் அந்த இறக்கத்தின் ரசீது.

முதலில் விலை. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் நன்செய்க்காரர், பெருமந்தம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதில் சிக்கினார். சென்னை மாகாணத்தில் நெல் விலை 1929க்கும் 1933க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. கரிசல் பக்கம், கோவில்பட்டி, விளாத்திகுளத்தில் பருத்தி நிலைமையும் அதேதான். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் பஞ்சுக்கு வெளிநாட்டில் வாங்குவோர் விலை குறைத்தால், அந்தக் குறைவு கமிஷன் கடை வழியாக இறங்கிக் கடைசியில் சம்சாரி தலையில்தான் விடியும்.

கணக்குக்காக ஒரு கோட்டை நெல், அதாவது 21 மரக்கால், 10 ரூபாய் என்று வையுங்கள். இது அன்றைய சந்தை விலை அல்ல, புரிவதற்கான எண். 400 ரூபாய் கடன் என்றால் 40 கோட்டை நெல். விலை 5 ரூபாயானால் அதே கடன் 80 கோட்டை. ஒரு காசு கூட வாங்காமல் கடன் இரட்டிப்பாகிவிட்டது. வட்டியும் அப்படியே, கிஸ்தி என்ற நிலவரித் தவணையும் அப்படியே. ரயத்வாரியில், அதாவது நிலக்காரரே அரசுக்கு நேராக வரி கட்டும் நிலத்தில், தீர்வை என்பது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை செட்டில்மெண்டில் ரூபாயாகக் குறித்துவிடும் தொகை. நெல் விலையோடு அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கட்டத் தவறினால் 1864ஆம் வருஷ வருவாய் வசூல் சட்டப்படி ஜப்தி. ஆக, முதலில் கிஸ்திக்கு நெல்லை விற்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் அறுவடைக் களத்திலேயே விற்றால் விலை இன்னும் இறங்கும்.

இதற்கு டெல்லி அரசு செய்தது பெரும்பாலும் தலைகீழ் வைத்தியம். ரூபாயின் மாற்று விகிதத்தை 1927இல் சட்டம் போட்டு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய பழைய விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 15 ரூபாயாக இருந்தது 13 ரூபாய் 5 அணா 4 பையாகக் (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை) குறைந்தது என்று பொருள். லண்டனில் ஒரு பவுண்டுக்கு விற்ற பஞ்சுக்கு இங்கே கையில் கிடைப்பது ஒன்றேமுக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் துண்டு விழும். பென்ஷன், கடன் வட்டி என்று லண்டனுக்கு அனுப்ப வேண்டிய ஹோம் சார்ஜஸ் செலவுக்கு உயர்ந்த ரூபாய் அரசுக்கு வசதி. விளைபொருளை விற்பவனுக்கு அது நஷ்டம். விலை விழுந்துகொண்டிருக்கும்போதும் அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதற்காகப் புழக்கத்திலிருந்த பணத்தைச் சுருக்கினார்கள். காய்ச்சல்காரனைப் பட்டினி போடுவது போல என்று சொல்லலாம்; ஆனால் பட்டினி காய்ச்சலுக்கு ஓரளவாவது உதவும்.

1931 செப்டம்பரில் ஓர் அவசர பட்ஜெட் வந்தது. இருக்கிற வரிகள் மேல் நூற்றுக்கு 25 வீதம் கூடுதல் வரி. வருமான வரி இல்லாத எல்லை 2,000 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்கு இறங்கியது. சர்க்கார் உத்தியோகஸ்தர் சம்பளத்தில் 10 சதம் வெட்டு. அரையணாக் கார்டு முக்காலணா ஆயிற்று. வருமானம் சுருங்கிய சமயத்தில் அரசு வரியைக் கூட்டிச் செலவைக் குறைத்தால் சந்தையில் வாங்குகிற கை இன்னும் குறையும். பட்ஜெட் துண்டு விழாமல் இருப்பதே நல்ல நிர்வாகம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஜெர்மனியில் 1930 முதல் 1932 வரை இருந்த புரூனிங் அரசும் இதையேதான் செய்தது, அடுத்து அங்கே ஹிட்லர் வந்தது தெரிந்ததே.

அதே மாதம் 21ஆம் தேதி பவுண்டைத் தங்கத்தோடு கட்டும் பொன் நாணய முறையைப் பிரிட்டன் விட்டது. ரூபாய் ஸ்டெர்லிங்கோடு, அதாவது பவுண்டோடு, கட்டப்பட்டிருந்ததால் அதுவும் பொன்னுக்கு எதிராகச் சரிந்தது. சட்ட விகிதப்படி தோலா (சுமார் 11.7 கிராம்) 21 ரூபாய் 3 அணா 10 பையாக இருந்த தங்கம் மளமளவென்று ஏறிற்று. ஊரில் விலை ஏறின ஒரே பொருள் பெண்களின் காதிலும் கழுத்திலும்தான் இருந்தது. பாம்படமும் தண்டட்டியும் ஆசாரியின் தராசுக்குப் போய், உருகி, பம்பாய் வழியாகக் கப்பலேறின. கிஸ்தியும் வட்டியும் கட்டியது பல வீடுகளில் அந்தப் பொன்தான். இந்தியாவிலிருந்து அந்த வருஷங்களில் போன தங்கம் கோடிக்கணக்கான ரூபாய் பெறும். லண்டனுக்கு அது பெரிய ஒத்தாசை. நகையை விற்றது விலை நல்ல விலை என்பதற்காக அல்ல, வேறு விற்க ஒன்றுமில்லை என்பதற்காக. ஆனால் அரசுக் கணக்கில் அது ‘மக்கள் லாபம் பார்க்கிறார்கள்’ என்றுதான் வாசிக்கப்பட்டது.

வேலை கொடுக்கும் திட்டம் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கஷ்ட காலத்தில் அரசு ஜல்லி உடைக்கிற வேலை, ரோடு வேலை, குளம் வெட்டுகிற வேலை திறப்பதற்கு ஃபாமின் கோட் என்ற பஞ்ச விதித்தொகுப்பு இருந்தது. அந்த விதித்தொகுப்புக்குப் பஞ்சத்தின் அடையாளம் தெரியும்: மழை பொய்க்கும், விளைச்சல் குறையும், தானிய விலை ஏறும். பெருமந்தத்தில் மழையும் இருந்தது, விளைச்சலும் இருந்தது, விலை மட்டும் இறங்கியது. நெல் மலிந்து கிடக்கும்போது பஞ்சம் என்று எந்தக் கலெக்டர் எழுத முடியும்? மணி அடிக்க வைத்திருந்த கயிறு இந்த விபத்துக்கு எட்டவேயில்லை. இதற்கிடையே மலேயாவில் ரப்பர் விலை விழுந்து தோட்டக் கூலிகளை அரசாங்கமே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது. இலங்கைத் தோட்டங்களில் கூலி வெட்டு. தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் வந்திறங்கியவர்கள் இங்கே ஏற்கெனவே வேலையில்லாத வயலில் கூலிக்கு நின்றார்கள். மணியார்டர் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு ஆளே வந்து சேர்ந்தார்.

இங்கே அமெரிக்காவை ஒரு பார்வை பார்த்துவிடலாம். ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4 பதவியேற்றார். 6ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை. 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம். 12ஆம் தேதி ரேடியோவில் பேசி, பரிசோதித்துத் திடமான வங்கிகள் மட்டும் திறக்கும் என்று விளக்கினார். 13ஆம் தேதி முதல் படிப்படியாகத் திறந்தன. ஓடி ஓடிப் பணம் எடுத்தவர்களே திரும்ப வரிசையில் நின்று கட்டினார்கள். அடுத்து விலை. அவுன்ஸ் 20.67 டாலராக இருந்த தங்கத்தை 1934 ஜனவரியில் 35 டாலராக்கினார், அதாவது டாலரைத் தெரிந்தே இறக்கினார். பயிர்ப் பரப்பைக் குறைக்கச் சம்சாரிக்குப் பணம் கொடுத்து, 1933இல் வளர்ந்து நின்ற பருத்தியை ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரில் உழுது மடிக்க வைத்தார்கள். பசித்தவர் இருக்கும் நாட்டில் விளைந்ததை மடித்து உழுவது நம் ஊர்க்காரர் யாரும் ஒப்பாத காரியம். சுப்ரீம் கோர்ட் 1936இல் அந்தச் சட்டத்தைத் தள்ளவும் செய்தது. வேலைக்கு, 18 முதல் 25 வயதுப் பையன்களைக் காடு வளர்க்கிற முகாமில் சேர்த்து மாதம் 30 டாலர் கொடுத்தார்கள். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போகும்.

நம் கதைக்கு முக்கியமானது இன்னொன்று, வீட்டுக் கடன் நிறுவனம். தவணை தவறி வீடு ஏலத்துக்கு வரும் நிலையில், அரசு நடுவில் புகுந்து வங்கியிடமிருந்து அடமானத்தை வாங்கிக்கொள்ளும். வங்கிக்கு அரசு உத்தரவாதமுள்ள கடன்பத்திரம். வீட்டுக்காரருக்கு 5 சத வட்டியில் 15 வருஷத் தவணை. சுமார் பத்து லட்சம் வீடுகள் இப்படித் தப்பின. கொடுத்தவனும் சாகவில்லை, வாங்கியவனும் சாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் 1938 சட்டத்துக்கு வாருங்கள்.

சென்னை மாகாணத்தில் விவசாயக் கடன் எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடுகள் உண்டு. 1930இல் வங்கி விசாரணைக் கமிட்டி 150 கோடி ரூபாய் என்றது. 1935இல் சத்தியநாதன் என்ற அரசு அதிகாரியின் அறிக்கை 200 கோடி என்றது. அந்த ஐந்து வருஷத்தில் யாரும் தாராளமாகக் கடன் கொடுக்கவில்லை. ஏறியதில் பெரும்பகுதி கட்டாத வட்டி. 1936இல் கடன் சமரசச் சட்டம் ஒன்று வந்தது. வாரியம் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும். கொடுத்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாரியத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தை விடப் பலவீனமான பஞ்சாயத்து.

1937 ஜூலையில் ராஜாஜி மந்திரிசபை வந்தது. அடுத்த மார்ச் 22 அன்று விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1938ஆம் வருஷத்து 4ஆம் ஆக்ட், அமலுக்கு வந்தது. அதன் உள்ளே இரண்டு தேதிகள்தான் ஆணிவேர்: 1-10-1932, 1-10-1937.

1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன் என்றால் 8ஆம் பிரிவு. 1937 அக்டோபர் 1 அன்று நிற்கிற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலில் நிற்பது மட்டும் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு சலுகை: வட்டியாகவோ அசலாகவோ இதுவரை கட்டியது அசலின் இரட்டிப்பை எட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எட்டவில்லை என்றால், இரட்டிப்புக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகை அல்லது நிற்கும் அசல், எது குறைவோ அது.

500 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, வருஷம் 60 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். ஐந்து வருஷம் வட்டி கட்டியவர் கட்டியது 300. இரட்டிப்பான 1,000க்கு 700 குறைகிறது, நிற்கும் அசல் 500. குறைந்தது 500, அதைக் கட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் கட்டியவர் 720 கட்டியிருப்பார். குறைவது 280, அதுதான் பாக்கி, அசல் 500 அல்ல. பதினேழு வருஷம் கட்டியவர் 1,020 கட்டிவிட்டார். அவருக்குச் சுழியம், நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

1932 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடனுக்கு 9ஆம் பிரிவு. அசல் அப்படியே நிற்கும். வட்டியை மட்டும் வருஷம் 5 சதத் தனி வட்டியாக மறுபடி கணக்கிட்டு, கட்டியதைக் கழிப்பார்கள். நான்கு வருஷத்து 300 ரூபாய் கடனுக்கு 144 ரூபாய் வட்டி 60 ஆகும். நல்லதுதான், ஆனால் 8ஆம் பிரிவின் பக்கத்தில் நிற்காது. ஏன் அந்தத் தேதி என்றால், அதற்கு முன் வாங்கிய கடன் விலை உயர்ந்திருந்தபோதோ விழுந்துகொண்டிருந்தபோதோ வாங்கியது. அதற்குப் பின் வாங்கியவர் விலை விழுந்ததைத் தெரிந்தே வாங்கினார் என்ற எண்ணம்.

வெட்டிய பின் மிஞ்சும் தொகைக்கும் புதுக் கடனுக்கும் வட்டி 6¼ சதத்துக்கு மேல் கூடாது. இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ரூபாய்க்கு மாதம் ஒரு பை. ரூபாய்க்கு 192 பை, வருஷத்துக்கு 12 பை. 192இல் 12 என்றால் 6¼ சதம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கக்கூடிய வட்டி. சட்டம் எழுதியவர்களுக்குக் கிராமத்துக் கணக்கு தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் தாள். 1934ஆம் வருஷ நோட்டு என்றால் 9ஆம் பிரிவில்தானே வர வேண்டும், கோர்ட் ஏன் அசலையே வெட்டியது? விடை நோட்டு எழுதும் பழக்கத்தில் இருக்கிறது. புரோநோட்டுக்குக் காலாவதி மூன்று வருஷம். அதற்குள் வரவு ஏதும் வைக்காவிட்டால், கெடு முடிவதற்குள் பழைய நோட்டைக் கிழித்துவிட்டு வட்டியையும் அசலில் ஏற்றிப் புது நோட்டு எழுதுவார்கள். 400 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மூன்று வருஷ வட்டி 144. புது நோட்டு 544. இன்னும் மூன்று வருஷம் போனால் 740. இன்னும் மூன்று வருஷம், 1,006. ஆக 1925இல் வாங்கிய 400 ரூபாய், 1928, 1931, 1934 என்று மூன்று முறை மாற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்கு ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது. 8ஆம் பிரிவின் விளக்கவுரை இதற்கென்றே போட்டது: கடன் கொடுத்த அதே ஆளுக்கே நோட்டு மாற்றி எழுதியிருந்தால், முதன்முதலில் கையில் வாங்கிய தொகையும் பிறகு ரொக்கமாக வாங்கியதும் மட்டுமே அசல். முதல் நோட்டு 1932க்கு முந்தியது, ஆகவே 8ஆம் பிரிவு. அறுநூறு ரூபாய் என்பது யாரும் கையில் வாங்காத பணம். மீதி 400க்கு வட்டி வருஷம் 25 ரூபாய்.

இவ்வளவு சுலபமாக எல்லோருக்கும் நடந்ததா என்றால் இல்லை. மாற்றி எழுதியதும் பழைய நோட்டைக் கிழித்துப் போடுவதுதான் ஜாக்கிரதை என்று நினைத்தவர்கள், தங்கள் சாட்சியைத் தாங்களே கிழித்துக்கொண்டார்கள். கோர்ட்டில் 1925ஆம் வருஷத்து 400 ரூபாயை எதை வைத்துக் காட்டுவது? புது நோட்டில் ‘முன் நோட்டுப்படி அசலும் வட்டியும்’ என்று எழுதியிருந்தால் ஒரு பிடி கிடைக்கும். ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தால் கடன் கொடுத்தவரின் பேரேட்டையும் நாள்வழியையும் வரவழைக்க வேண்டும். உங்கள் தாத்தாவுக்கு அந்த 400 நிரூபணமானது என்றால், யாரோ ஒரு பழைய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பெட்டியை இன்னொரு முறை அடிவரை பாருங்கள்.

இரண்டாவது கண்ணி, ‘கடன் கொடுத்த அதே ஆள்’ என்ற நிபந்தனை. ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவர் கடனை அடைத்தவருக்குச் சங்கிலி அறுந்துவிடும். புதுக் கடன் புதுக் கடன்தான். 1948இல் சட்டத்தைத் திருத்திய பிறகே இதில் சில இடங்கள் விரிந்தன. ஒத்தியும் அப்படியே. நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவத்திலேயே விட்டிருந்தால், வட்டி என்று ஒன்று எழுதப்படாத நிலையில் 1938 சட்டம் கை வைக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் இருபோக நிலத்தை ஒத்திக்கு விட்டவர்கள் சட்டத்தின் உதவிக்கு 1948 வரை காத்திருந்தார்கள்.

மூன்றாவது, யார் விவசாயி என்ற கேள்வி. தீர்வை கட்டும் நிலத்தில் விற்கக்கூடிய உரிமை வேண்டும், அந்த நிலம் முனிசிபாலிட்டிக்குள் இருக்கக் கூடாது. வருமான வரி கட்டியவர், அரையாண்டுக்கு 600 ரூபாய்க்கு மேல் வருமானம் காட்டித் தொழில் வரி கட்டியவர், வருஷ வாடகை மதிப்பு 600 ரூபாய்க்குக் குறையாத கட்டடத்துக்கு வீட்டு வரி கட்டியவர் ஆகியோர் இதில் சேர மாட்டார்கள். 500 ரூபாய்க்கு மேல் பேஷ்குஷ், அதாவது ஜமீனுக்காக அரசுக்குச் செலுத்தும் கப்பம், கட்டும் ஜமீன்தாரும் வெளியே. ஆக, எட்டயபுரம் ஜமீன் கடனுக்கு நிவாரணம் கிடையாது. அந்த ஜமீனின் குடியானவருக்கு உண்டு. குத்தகை பாக்கி வைத்த குடிகளுக்கும் தனியாக ஒரு வழி வைத்திருந்தார்கள்: நடப்புப் பசலிகளின், அதாவது வருவாய் ஆண்டுகளின், பாக்கியைக் கெடுவுக்குள் கட்டினால் பசலி 1345 (1935-36) வரைக்கும் நின்ற பழைய பாக்கி போகும். நிலமே இல்லாத கூலியாளுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. மந்தத்தில் முதலில் அடிபட்டவரும் அவர்தான்.

விலக்குகளில் ஒன்று மட்டும் மனிதத் தன்மையோடு எழுதியது. வேறு சொத்தில்லாத ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால், அதை வெட்டக் கூடாது. புருஷன் போன பின் நகையை விற்று நாலு பேருக்கு வட்டிக்கு விட்டுச் சாப்பிடும் கைம்பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு என்பது தெரிந்தவர்கள் வைத்த பிரிவு. 1-10-1937 அன்றைய நிலவரம் என்று கட்டிவிட்டதால், சட்டம் வந்த பின் மனைவி பேருக்கு நோட்டை மாற்றுகிற தந்திரமும் பலிக்காது. கூட்டுறவுச் சங்கக் கடனும் சர்க்கார் பாக்கியும் விலக்குதான். தன் பாக்கியை அரசு வெட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டிக்ரி ஆன பிறகும் பிரயோசனம் உண்டு என்பதற்கு உங்கள் தாளே சாட்சி. 20ஆம் பிரிவில் மனுப்போட்டு நிறைவேற்றத்தை நிறுத்தலாம். ஆனால் அறுபது நாளுக்குள் 19ஆம் பிரிவில் டிக்ரியைத் திருத்தச் சொல்லி மனுப் போட வேண்டும், தவறினால் தடை உத்தரவு விழுந்துவிடும். 1937 அக்டோபர் 1க்குப் பின் ஏலம் போன நிலத்தை மீட்க 23ஆம் பிரிவு, சட்டம் வந்து தொண்ணூறு நாளுக்குள். நாள் கணக்கு தெரியாமல் நிலத்தை விட்டவர்களைச் சட்டத்தால் காப்பாற்ற முடியவில்லை. புரோநோட்டு மத்திய சட்டசபையின் விஷயம், மாகாணம் எப்படிக் கை வைக்கலாம் என்று வழக்கும் போட்டார்கள். சுப்பிரமணியன் செட்டியார் - முத்துசாமிக் கவுண்டன் வழக்கில் அன்றைய இந்தியாவின் ஃபெடரல் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. சட்டத்தின் சாரம் விவசாயிக் கடன். நோட்டைத் தொடுவது உப விஷயம்தான் என்பது தீர்ப்பின் கருத்து. அதே வாதம் இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடம்.

சட்டத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில். அமெரிக்க வீட்டுக் கடன் நிறுவனத்தைச் சொன்னேனே, அங்கே அரசு நடுவில் நின்று இருவரையும் தாங்கியது. இங்கே அரசு கத்தியை மட்டும் கொடுத்தது, கட்டு போடத் துணி கொடுக்கவில்லை. நில அடமான வங்கிகள் அந்தத் துணியாக இருந்திருக்கலாம். 1929இலேயே சென்னையில் மத்திய நில அடமான வங்கி வந்துவிட்டது, 1934இல் தனிச் சட்டமும் வந்தது. பழைய கடனை அடைக்க நீண்ட தவணைக் கடன் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் பத்திரம், வில்லங்கம், மதிப்பீடு எல்லாம் சரியாக இருக்கிற நன்செய்க்காரருக்கே அது எட்டியது. 200 கோடிக் கடனுக்கு முன் அதன் மூலதனம் சின்னது. விளைவு, சட்டம் வந்த மறு பருவத்தில் விதைக்கும் மாட்டுக்கும் கடன் கேட்டுப் போனவருக்கு நோட்டு எழுதிக் கொடுக்க ஆளில்லை. வேண்டுமானால் கிரயம் எழுதிக் கொடு, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன் என்றார்கள். 6¼ சத வட்டிச் சட்டத்தைச் சுற்றிப்போக அதுவே வழி. சட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அறுநூறு ரூபாய் உண்மையிலேயே இல்லாத பணம்தான். ஆனால் பழைய கடனை வெட்டும் நாளிலேயே புதுக் கடனுக்கு ஒரு வாசல் திறக்காவிட்டால், வெட்டின கத்தி அடுத்த வருஷம் விவசாயி பக்கமே திரும்பும்.

விலைப் பக்கம் அரசு எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. 1935இல் வெளிநாட்டு நொய்யரிசி மேல் மணுவுக்கு (சுமார் 37 கிலோ) 12 அணா வரி போட்டார்கள். சயாம் (இன்றைய தாய்லாந்து) அரிசிக்கு அது தடை. ஆனால் பர்மா 1937 ஏப்ரல் வரை இந்தியாவின் பகுதி. ரங்கூன் அரிசிக்கு வரி ஏது? வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை. தொழில் பக்கம் தற்செயலாக நல்லது நடந்தது. 1928இல் தீப்பெட்டிக்கு, 1930இல் துணிக்கு, 1932இல் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி. வட்டிக்கு விட்டுத் திரும்பி வராத பணம் மெல்லப் பட்டணத்துத் தொழிலுக்கு நகர்ந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழில் இந்த வருஷங்களில் வேர்விட்டதற்கு வரிச் சுவரும் ஒரு காரணம்.

வங்கிப் பாடம் கடைசியில்தான் வந்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 முதல் இயங்கியது. இருந்தும் 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியதைத் தடுக்க முடியவில்லை. ரூஸ்வெல்ட் காலத்தில் 1934இலேயே வந்த டெபாசிட் காப்பீடு, இங்கே 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு, 1962 ஜனவரியில் வந்தது. அப்போது எல்லை 1,500 ரூபாய். இப்போது 5 லட்சம்.

ரூஸ்வெல்ட் வழி மட்டும் சீராகப் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். 1937இல் நிலைமை தேறிவிட்டது என்று அவரும் செலவைக் குறைத்தார். அவர்கள் மத்திய வங்கியும் பணத்தை இறுக்கியது. உடனே மறுபடி சரிவு.

நெல்லைச் சீமையில் கடனைக் கரைத்தது எது என்று கேட்டால், 1938 சட்டத்துக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். மீதி யுத்தத்துக்கு. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, ரங்கூன் அரிசி நின்றது, நெல் விலை ஏறியது. 1931இல் நடந்ததன் நேர் எதிர்: பத்திரத்தில் ரூபாய் அப்படியே நிற்க, அதற்கு விற்க வேண்டிய நெல் குறைந்தது. நெல்லை விற்க வைத்திருந்தவர் ஒத்தியைத் திருப்பினார். வாங்கிச் சாப்பிட்ட கூலியாளுக்கு இந்த முறையும் நஷ்டம்.

ஆகவே அந்த 400 ரூபாய் கட்டப்பட்டதா என்று தெரிய வேண்டுமானால் கோர்ட் தாளில் தேடாதீர்கள். தாத்தா பேரிலிருந்த நிலத்தின் சர்வே எண்ணைப் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் 1925 முதல் 1950 வரை வில்லங்கச் சான்று கேளுங்கள். அந்தக் காலப் பதிவுக்குக் கையால் தேட வேண்டியிருக்கும், கிராமத்தின் பழைய பெயரையும் எழுதிக் கொடுங்கள். வெறும் புரோநோட்டு அதில் ஏறாது. ஆனால் டிக்ரிக்காக நிலம் கோர்ட் ஏலத்தில் போயிருந்தாலோ, நோட்டை அடைக்க ஒத்தியோ கிரயமோ எழுதியிருந்தாலோ இருக்கும். 1939க்கும் 1941க்கும் இடையில் ஒரு கிரயம் தெரிந்து, 1943க்கும் 1946க்கும் இடையில் அதே ஆள் அதே நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்திருந்தால், மேலே சொன்ன ஓட்டை உங்கள் குடும்பத்து நிலத்திலும் நடந்திருக்கிறது.